ஏழாவது விசில்

குன்னூர் பெட்போர்டில்
தையற்கடைக்கு மேல்மாடியில் எங்கள் சமையற்கூடம்.
ஆறு மாதப் பயிற்சி, கொஞ்சம் உதவித்தொகை,
இரண்டு ஏப்ரன், ஒரு தொப்பி.
விண்ணப்பத்தில் ‘முன் அனுபவம்’ என்றொரு கட்டம்.
எட்டு வருடம், தினம் எண்ணூறு பேருக்கு
என்று எழுதிக் கொடுத்தேன்.
‘எந்த ஓட்டல்?’ என்றாள் சைலஜா.
‘கோயமுத்தூர் ஜெயில்.’
பேனாவை மூடினாள்.
‘நாளைக்கு ஏழரைக்கு வந்துடுங்க. நகத்த வெட்டிட்டு.’

எதற்காக உள்ளே போனேன் என்று
நீங்கள் கேட்பீர்கள்.
அந்த விண்ணப்பத்தில் அதற்குக் கட்டமில்லை.
இதிலும் இல்லை.

எண்ணூறு பேருக்கு உப்பு அள்ளிய கை
நாற்பது பேருக்குத் தடுமாறியது.
முதல் வார ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு
‘அண்ணே, இது ராமேஸ்வரமா?’ என்றாள் மிருணா.
போனை எடுப்பது அவள்தான்.
எதிர்முனை ‘சார்’ என்று தொடங்கும்.
திருத்த மாட்டாள்.
எத்தனை டப்பா, எத்தனை மணிக்கு, அட்வான்ஸ் எவ்வளவு
எல்லாம் எழுதி முடித்துவிட்டு
‘சார் இல்லீங்க, மேடம்’ என்று வைத்துவிடுவாள்.

கூடலூர்ப் பக்கமிருந்து வந்தவள் வெளிச்சி.
யாரோ ஒருவரின் காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவள்,
சுவரில் சாய்ந்து நின்றபடிதான் சாப்பிடுவாள்.
முதல் மாதப் பணத்தில்
நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி வந்தாள்.
ஒரு வாரம் அதில்
அவளுடைய பை மட்டும் உட்கார்ந்திருந்தது.

மலையில் தண்ணீர் அவசரப்பட்டுக் கொதிக்கும்.
பருப்புக்கு அந்த அவசரம் கிடையாது.
மேட்டுப்பாளையத்தில் நாலு விசிலுக்கு வேகும் பருப்பு
இங்கே ஏழு கேட்கும்.

முதல் நாள், முதல் விசில்:
கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.
கைகள் தொடையோடு, கண் சுவரில்.
உள்ளே விசில் என்றால் ஆள் கணக்கு.
காலை ஒரு கணக்கு, பூட்டும்போது ஒரு கணக்கு,
ஒரு தலை குறைந்தால் விடிய விடியக் கணக்கு.
நாற்பத்தாறு வயது ஆள்
ஒரு குக்கருக்கு விறைப்பாக நிற்பதைப்
பார்க்காத மாதிரி எல்லோரும் பாத்திரம் தேடினார்கள்.
உட்கார்ந்த பிறகும்
ஒவ்வொரு விசிலுக்கும் தோள் துள்ளியது.

ஜெபஸ்டின் மட்டும் பார்த்தான்.
பிறந்ததிலிருந்து காது கேளாதவன்.
அன்றைக்கு அடுப்பு அவனுடையது.
ஆவியைப் பார்த்து எண்ணலாம்தான்,
டிசம்பரில் கூடமே ஆவி,
எங்கள் வாய் உட்பட.
என் தோளைப் பார்த்தான்.
ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு விரல் மடக்கினான்.
ஏழாவதில் அடுப்பை அணைத்தான்.
பருப்பு மலர்ந்து வெந்திருந்தது.

யாரும் பேசி முடிவெடுக்கவில்லை.
மறுநாள் வந்தபோது
என் வெட்டுப்பலகை அவன் எதிரே போடப்பட்டிருந்தது.

மே மாதம், சீசன்.
ஊட்டி வக்கீல்கள் கூட்டத்துக்கு
அறுபத்தைந்து சாப்பாடு, ஒரு மணிக்கு.
நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.
நாற்காலியில் உட்கார்ந்து அவரை உரித்தபடி
வெளிச்சி ஒரு யானைக் கதை சொன்னாள்.
யானை ரேஷன் கடைக்குள் போய்
அரிசியை விட்டுவிட்டு உப்பு மூட்டையைத் தூக்கிய கதை.
எனக்கு இருமல் வரும்வரை சிரிப்பு.

குக்கர் கத்தியிருக்க வேண்டும்.
எத்தனை முறை என்று தெரியாது.

தீய்ந்த வாசனையில் திரும்பினேன்.
ஜெபஸ்டின் கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன.
நாலாவது நிமிர்ந்தபடி நின்றது,
கண் என் தோளில்.

சைலஜா இருவரையும் சேர்த்தே திட்டினாள்,
என்னை வாயால், அவனைக் கையால்.
மேலாக வழித்ததில் பாதி தேறியது,
மீதிக்குப் புதிதாக ஏற்றினோம்.
ஜீப் நாற்பது நிமிடம் தாமதம்.
டப்பாக்களோடு ஒரு சீட்டு திரும்பி வந்தது:
‘பருப்பு குழைவு. நேரம் மோசம். ரசம் நன்று.’

பாத்திரம் கழுவும்போது
ஜெபஸ்டின் தன் தோளைத் தொட்டு
விரல்களை விரித்துக் காட்டினான்:
என்ன ஆச்சு?
நான் கற்றிருந்த சைகைகளில்
அதற்குப் பதில் இல்லை.
ஈரக்கையை விரித்து
எனக்கும் தெரியாது என்றேன்.

இப்போது ஒவ்வொரு விசிலுக்கும் கையைத் தூக்குகிறேன்,
வேண்டுமென்றே.
சில நாள் மறந்துவிடும்.
அவன் கரண்டியால் மேடையைத் தட்டுவான்.